ஏட்டி, குழிக்குள்ள பாத்து எறங்கு

தாயி, பெட்டி கட்டுறத நிப்பாட்டிட்டு இங்கன வந்து ஒக்காரு. உங்க அப்பன் வந்துட்டா என்னப் பேச விடமாட்டான்.

பி.காம். முடிச்ச புள்ள, பேங்க் பரிச்சை எழுதி ஏ.சி. ரூம்புல ஒக்காருவான்னு அவன் கணக்குப் போட்டு வச்சிருந்தான். நீ என்னடான்னா தொல்லியல் எம்.ஏ.க்குப் பணம் கட்டிட்டு வந்து நிக்க. "மக என்ன படிக்கா"ன்னு யாரும் கேட்டா, "ஹிஸ்டரி மாதிரி ஒண்ணு"ன்னு வாய்க்குள்ள முனகுதான். நான் அப்படி இல்ல. டீக்கடையில நிமிந்து ஒக்காந்து சொல்லிப்புட்டேன், எம் பேத்தி குழி தோண்டப் படிக்கப் போறான்னு. "அதுக்கு எதுக்கு அண்ணாச்சி காலேஜு? நூறு நாள் வேலையில சேந்தா கூலியாவது கெடைக்குமே"ன்னான் ஒருத்தன். அவன் சொன்னது முழுத் தப்புன்னு என்னால சொல்ல முடியல.

இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. எண்ட்ரன்ஸுக்கு நீ மொட்டைமாடியில சத்தம் போட்டுப் படிச்சதெல்லாம், கீழ கயித்துக்கட்டில்ல கெடந்த எனக்குத்தான் மனப்பாடம். நீ பாதிய மறந்திருப்ப. எனக்கு வேற சோலி ஏது, மறக்கதுக்கு?

பொட்டப்புள்ளைக்கு இது ஆகுமான்னு உங்க பாட்டி ரெண்டு நாளா அரிச்சிக்கிட்டுக் கெடந்தா. நான் சொன்னேன், ஏளா, டோரதி காரோடுன்னு ஒரு அம்மா கார்மல் மலைக் குகையெல்லாம் தோண்டி, 1939-ல கேம்பிரிட்ஜுல பேராசிரியர் ஆனாவ. அந்த யூனிவர்சிட்டி பொம்பளைகளுக்கு முழுப் பட்டம் குடுத்ததே 1948-லதான். பாடத்த நீ நடத்து, பட்டத்த மட்டும் கேக்காதன்னு ஒம்பது வருசம் வச்சிருந்திருக்கானுவ. மேரி லீக்கி அம்மா அந்தப் பட்டமும் படிக்கல. 1959-ல ஓல்டுவாய் பள்ளத்தாக்குல 17 லட்சம் வருசத்துக்கும் பழைய மண்டையோட்டப் பாத்தது அந்த அம்மாதான். அன்னைக்குப் புருசங்காரரு காய்ச்சல்ல கூடாரத்துக்குள்ள படுத்துக் கெடந்தாரு. அதுக்குப் பேரு வச்சது யாரு? படுத்துக் கெடந்தவருதான். இத மட்டும் பாட்டி ஒடனே நம்பிட்டா.

சரி, சோலிக்கு வருவோம். போன ஒடனே மம்பட்டியத் தூக்கித் தருவான்னு நெனச்சிருக்கியா? தரமாட்டான். கொத்தனாரு வச்சிருக்க மாதிரி சின்னக் கரண்டி ஒண்ணு, ஒரு பிரஷ்ஷு, நூலு, டேப்பு, குறிப்பெழுத ஒரு நோட்டு, அவ்வளவுதான். நீ அதால மண்ண நோண்டக்கூடாது, வழிக்கணும். ஒரே மட்டமா, பைய, ஒரு தோலு கனத்துக்கு. நாள் முழுக்க வழிச்சா அரை சாண் எறங்கும். நம்ம ஊரு சங்கிலிய விட்டா அந்த நேரத்துல கெணறே வெட்டிருவான்.

ஆனா எதுக்கு அப்படி வழிக்கிறதுன்னு தெரிஞ்சா உனக்குச் சலிப்பு வராது. தூணு நட்ட குழியப் பத்திப் படிச்சியே, ஞாபகம் இருக்கா? மரத்தூணு மக்கிப் போயி எத்தனையோ ஆயிரம் வருசம் ஆச்சு. அது நின்ன எடத்துல மட்டும் மண்ணு வட்டமாக் கறுத்து, கொஞ்சம் பொதபொதன்னு கெடக்கும். மண்ணு காஞ்சிட்டா அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணியத் தெளிச்சி, அந்த ஈரம் காயுததுக்குள்ள லேசா ஒரு வழி வழிச்சாத்தான் வட்டம் மேல வரும். உச்சி வெயில்ல பாத்தா எல்லாம் ஒரே வெளுப்பு. காலையிலயோ சாயங்காலமோ வெயிலு சாஞ்சி விழணும். இப்படி ஒவ்வொரு வட்டமாக் கண்டுபிடிச்சி, நூலுபிடிச்சி அளந்து, தாள்ல வரஞ்சி, பொறவுதான் இங்கன ஒரு வீடு இருந்துது, வாசல் இந்தப் பக்கம்னு சொல்லுதாவ. வீடும் இல்ல, தூணும் இல்ல. தூணு நின்ன நெறம்தான் மிச்சம். ஐரோப்பாவுல நெறையக் கற்கால ஊரு இப்படித்தான் வெளிய வந்திருக்கு.

எலி வளையும் வட்டமாத்தான் கறுக்கும், அத மறந்துராத. நம்ம காட்டுல எலி வெட்டினவன் எவனைக் கேட்டாலும் சொல்லுவான், தூணுக்குழி நேரா எறங்கும், எலி வளை கொஞ்ச தூரம் போயி ஒடியும். அத வெட்டிப் பாத்துதான் எழுதணும். மேல கெடந்த பீடித்துண்ட எலி கீழ கொண்டு வச்சிருக்கும். கற்காலத்துலயே பீடி சுத்தினாவன்னு பேப்பர்ல போட்டுராத. உங்க அப்பன் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட குழி இன்னும் முத்தத்துலதான் இருக்கு. நாளைக்கு எவனாவது அதத் தோண்டி, இங்கன ஒரு கோயில் இருந்துதுன்னு எழுதுவான். அந்தப் பந்தல்ல நடந்தது கோயில் காரியம் இல்லங்கிறது எனக்கும் உங்க அப்பனுக்கும்தான் தெரியும்.

காலம் கண்டுபிடிக்கதுக்குக் கரித்துண்டு போதும்னு படிச்ச. லிபின்னு ஒரு அமெரிக்காக்காரரு 1949-ல கொண்டாந்த வழி, அதுக்கு 1960-ல நோபல் பரிசும் வாங்கினாரு. ஆனா அம்பதாயிரம் வருசத்துக்கு அங்கிட்டுப் போனா கரிக்கு வாய் அடைச்சிரும். அப்ப மணலக் கேக்கணும். மணலு கடைசியா எப்ப வெயிலப் பாத்துதுன்னு அதுக்குள்ளயே கணக்கு இருக்காம். அத எடுக்கும்போது வெளிச்சம் படப்படாதுன்னு, இரும்புக் கொழாயக் குழிச்சுவத்துல அடிச்சி எறக்கி, ரெண்டு பக்கமும் மூடி, இருட்டுல கொண்டு போறாவ. ஒரு நிமிசம் தெறந்து பாத்தாப் போதும், அத்தனை வருசக் கணக்கும் அழிஞ்சிரும். இது உனக்குக் கஷ்டமான பாடம் தாயி. தபால்காரன் குடுத்த கவர வாசல்லயே கிழிக்கிறவ நீ.

கரி, மணலு ரெண்டும் வாரதுக்கு முன்ன ஒருத்தரு வெறும் சட்டிப்பானைய வச்சே இதச் செஞ்சாரு. பெட்ரின்னு பேரு. எகிப்துல நகாடாங்கிற எடத்துல ரெண்டாயிரம் கல்லறைக்கு மேல தோண்டுனாரு. ராசா பேரும் இல்ல, எழுத்தும் இல்ல. எந்தக் கல்லறையில என்ன பானை இருந்துதுன்னு துண்டு அட்டையில எழுதி, சீட்டு அடுக்குத மாதிரி மாத்தி மாத்தி அடுக்குனாரு. ஒரு வகைச் சாடிக்குக் கைப்பிடி மொதல்ல பிடிக்கதுக்கு ஒதவுற மாதிரி பெருசா இருந்திருக்கு. போகப் போகச் சிறுத்து, கடைசியில வெறும் கோடாப் போச்சி. அந்தத் தேய்மானத்த வச்சே எது மூத்தது, எது எளையதுன்னு வரிசை பிடிச்சிட்டாரு. அந்த அறிவுக்குக் கும்பிடு போடணும். அவரு 1942-ல எருசலேம்ல செத்தாரு. அதுக்கு முன்னயே, என் தலைய ஆராய்ச்சிக்குக் குடுத்துருங்கன்னு எழுதி வச்சிருந்தாராம். ஒடம்ப அங்க பொதச்சிட்டு, தலைய மட்டும் சாடியில போட்டு லண்டனுக்கு அனுப்பிச்சாவ. ஆயுசு பூரா அடுத்தவன் கல்லறையத் தோண்டினா புத்தி அப்படிப் போகும் போல. நீ அந்த அளவுக்குப் படிக்க வேண்டாம்.

இப்ப சொல்லப்போறதுதான் முக்கியம், காதைக் குடு. இந்தப் படிப்புல கெட்டுப்போனவன் எல்லாம் தோண்டத் தெரியாமக் கெடல, ஆசையில கெட்டான். மண்ணு வாயத் தெறக்கதுக்கு முன்னயே, அது என்ன சொல்லணும்னு இவன் முடிவு பண்ணிட்டு எறங்குதான்.

இங்கிலீஷ்காரனுக்கு ஒரு மனக்கொறை. ஜெர்மனியில பழைய மனுசன் எலும்பு கெடைச்சிட்டுது, பிரான்ஸுல கெடைச்சிட்டுது, நமக்கு ஒண்ணும் இல்லையேன்னு. 1912-ல பில்ட்டவுன்கிற எடத்துல மண்டை மனுசன் மாதிரியும் தாடை கொரங்கு மாதிரியும் ஒண்ணு கெடைச்சிது. பெரிய பெரிய ஆளுக எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டாவ. பொறவு அங்கயே ஒரு எலும்பு ஆயுதமும் கெடைச்சிது, பாத்தா கிரிக்கெட் மட்டை சாயல். ஆதி இங்கிலீஷ்காரன் மட்டையோடதான் பொறந்திருக்கான்! அப்பவாவது ஒருத்தனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டாமா? 41 வருசம் நம்புனானுவ தாயி. 1953-லதான், அது மனுச மண்டையும் ஒராங்குட்டான் தாடையும், பல்ல அரத்தால ராவிச் சாயம் ஏத்தியிருக்குன்னு வெளிய வந்துது. நடுவுல 1925-ல டார்ட்டுன்னு ஒருத்தரு, தென்னாப்பிரிக்காவுல நெசமான ஆதி மண்டை ஒண்ணு கெடைச்சிருக்குன்னு சொன்னாரு. இது பில்ட்டவுன் மாதிரி இல்லையேன்னு அவரை ஒதுக்கி வச்சாவ. போலியைத் தராசுக்கல்லா வச்சிக்கிட்டு நெசத்த நிறுத்திருக்கானுவ.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்துது, அதுவும் படிச்சவங்க கூத்துதான். ஸ்பெயின்ல அல்டமிரா குகை. 1879-ல ஒரு மனுசன் தரையப் பாத்துக் குனிஞ்சி நோண்டிக்கிட்டு இருந்தாரு. கூட வந்த மக, எட்டு வயசு மரியா, அண்ணாந்து பாத்துட்டு "அப்பா, மாடு!"ன்னா. கூரை முழுக்கக் காட்டெருமை, செவப்பும் கறுப்புமா. பெரிய படிப்பாளிக என்ன சொன்னாவ? கற்காலத்துக் காட்டுப்பயலுக்கு இப்படி வரைய வராது, இவரே ஆள் வச்சி வரஞ்சிருக்காருன்னு ஏசினாவ. அந்தக் கெட்டபேரோடயே அவரு 1888-ல செத்தாரு. ரொம்ப ஏசினதுல ஒருத்தரு கார்ட்டைலாக். 1902-ல, எம்மேல தப்புன்னு அச்சுல எழுதினாரு. எழுதினது பெரிய மனசுதான், ஆனா வாசிக்க வேண்டியவரு போயி 14 வருசம் ஆச்சு.

ஜப்பான்காரன் கதை இன்னும் கிட்டத்துக் கதை. ஒருத்தன் எங்க தோண்டினாலும் பழைய கல்லாயுதம் கெடைக்கும். கடவுளோட கைன்னு கொண்டாடினாவ. வருசத்துக்கு வருசம் ஜப்பானோட வயசு கூடிக்கிட்டே போச்சி. 2000-ல மைனிச்சி பேப்பர்காரன் கேமராவ ஒளிச்சி வச்சிப் பாத்தா, விடியக்காலம் ஆள் இல்லாத நேரம் பாத்து இவனே கல்லக் கொண்டாந்து குழியில பொதைக்கான்! பள்ளிக்கூடப் புஸ்தகத்தையே திருத்த வேண்டியதாப் போச்சி. ஒரு எடத்துல எப்பப் பாத்தாலும், அதுவும் விருந்தாளி வந்து நிக்கிற நேரமாப் பாத்துப் பொருள் கெடைச்சிதுன்னா, நீ குழியப் பாக்காத, தோண்டினவன் நகத்தப் பாரு.

ஏமாத்து இல்லாட்டாலும் அவசர முடிவு கவுத்திரும். துருக்கியில கோபெக்லி தெபேன்னு ஒரு மேடு. 1963-ல வந்து பாத்த ஆராய்ச்சிக்காரங்க, நீட்டிக்கிட்டு இருந்த கல்லப் பாத்துட்டு இது ஏதோ பின்னால உள்ள இடுகாட்டுக் கல்லுன்னு எழுதிட்டுப் போயிட்டாவ. 1995-ல ஷ்மிட்டுன்னு ஒரு ஜெர்மன்காரரு தோண்ட ஆரம்பிச்சாரு. அஞ்சு மீட்டரு ஒசரத்துக்கும் மேல தூணு, அதுல நரி, கழுகு, தேளு எல்லாம் செதுக்கிருக்கு. சுமாரு 11,500 வருசப் பழசு. அன்னைக்கு அங்க வெள்ளாமையே கெடையாது, வேட்டையாடி, காட்டுல வெளஞ்சத அறுத்துத் தின்னவங்க கட்டுனது. மொதல்ல வெவசாயம், பொறவு ஊரு, அதுக்கும் பொறவுதான் கோயில்னு புஸ்தகம் எழுதினவங்களுக்குத் தலை சுத்திப்போச்சி. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். மூணு வருசம் மழை இல்லாம, ஒரு மணி வெளையாம, அந்த மூணு வருசமும் கொறைவில்லாமக் கோயில் கொடை நடத்துன ஊரு நம்ம ஊரு. அது கோயில்தானா, குடியிருந்த எடமும் உண்டான்னு இன்னும் சண்டை நடக்கு. நீ போயி ஒடனே தீர்ப்புச் சொல்லிராத.

அதே தேசத்துல சத்தல்ஹுயுக்குன்னு இன்னொரு ஊரு, சுமாரு 9,000 வருசப் பழசு. தெருவே கெடையாது. வீடு வீட்டோட ஒட்டிக் கெடக்கும், மொட்டைமாடியில ஓட்ட போட்டு ஏணி வழியா எறங்கணும். செத்தவங்கள வீட்டுக்குள்ளயே, படுக்கிற மேடைக்கு அடியில பொதச்சிக்கிடுவாவ. இதப் பாட்டிகிட்டச் சொன்னேன். "வேண்டாம்யா, செத்த பொறவும் உங்க கொறட்டையக் கேக்கணுமா"ன்னா.

குப்பை கிளறுத படிப்புன்னு எவனாவது நக்கலடிச்சா வருத்தப்படாத, ஆமான்னு சொல்லு. அரிசோனா யூனிவர்சிட்டியில ரத்ஜேன்னு ஒரு வாத்தியாரு, 1973-ல புள்ளையளச் சேத்துக்கிட்டு டூசான் ஊரு வீட்டுக் குப்பையப் பிரிச்சி எண்ணவே எண்ணினாரு. வாரத்துக்கு எத்தன பீரு குடிக்கியன்னு வீட்டுல போயிக் கேட்டா, ஒண்ணு ரெண்டுங்கான், தொடவே மாட்டேங்கான். குப்பத்தொட்டி வேற கணக்குச் சொல்லிருக்கு. மனுசன் வாயி ஒரு வகை, அவன் குப்பை ஒரு வகை. இந்த வித்தையப் படிச்சிட்டு வந்து, கொடை முடிஞ்ச மறுநாள் கொளத்தங்கரைப் பக்கம் மட்டும் போயிராத. பாதி ஊருல குடும்பச் சண்டை வந்துரும். உங்க அப்பன் சண்டை மொதச் சண்டையா இருக்கும்.

இனி நீ லீவுக்கு வாரப்ப நடக்கப்போறத இப்பவே சொல்லிருதேன். பொழுது சாஞ்சதும் ஒருத்தன் பைய வந்து, எங்க தோட்டத்துல புதையல் இருக்குமா, உன் மிஷினு காட்டுமான்னு கேப்பான். அவனுக்குக் காப்பி குடுத்து அனுப்பிரு, ஆபத்தில்லாத ஆளு. அடுத்து வாரவன்தான் வெனை. ஆதிச்சநல்லூர்த் தாழியப் பத்திப் பேச்செடுப்பான். 1876-ல ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரரு கிளறினது, பொறவு அலெக்சாண்டர் ரீ வந்து 1899-ல இருந்து வருசக்கணக்காத் தோண்டினது. கெழடு கட்டைக சாகமாட்டாம சிறுத்துப்போனா உசுரோட தாழியில வச்சிருவாவன்னு நம்ம ஊருல சொல்லுவாவல்லா, அந்த மதமதக்காத் தாழிதான். உங்க பாட்டி என்னைப் பாத்துட்டுப் பெரிய பானையா ஒண்ணு வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா, அது வேற கதை. வந்தவன் கேப்பான்: "தாழிக்குள்ள இருந்தது எங்க ஆளுகதானே?" உள்ளயும் விளிம்பும் கறுத்து, வெளிய செவந்திருக்கே அந்தப் பானை, அதுக்கு எந்தச் சாதின்னு அவனுக்குத் தெரியணும். எலும்புல அது எழுதியிருக்காதுன்னு சொல்லு. அவனுக்குப் பிடிக்காது, அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிக வராது. வராட்டாப் போவுது.

இன்னொருத்தன் மைக்கோட வருவான். நம்ம நாட்டுல அதிராம்பாக்கம் கல்லாயுதம் 15 லட்சம் வருசம்னு 2011-ல சாந்தி பப்பு அம்மா கூட்டம் சொன்னதக் கேட்டுட்டு, அப்ப 15 லட்சம் வருசமாத் தமிழன் இருக்கானான்னு கேப்பான். ஃபூட்டுன்னு ஒரு வெள்ளைக்காரரு 1863-ல பல்லாவரத்துல மொதக் கல்லக் குனிஞ்சி எடுத்ததுல இருந்து எத்தன பேரு பாடுபட்டு வாங்கின கணக்கு அது. அந்தக் கோடாலியச் செஞ்சவன் எலும்பு ஒண்ணுகூட அங்க கெடைக்கல. நம்ம மனுச சாதி பொறந்தே மூணு லட்சம் வருசந்தான் இருக்கும்னு நீதான் மாடியில கத்திப் படிச்ச. அவன் என்ன பேசினான், பேசினானான்னே தெரியாது. "ஆமா, தமிழன்தான்"னா மாலை போடுவான், மேடையில நாற்காலி போடுவான். "தெரியாது"ன்னா, வெளியூருக்குப் போயி வெலை போயிட்டான்னு பேசுவான். நீ தெரியாதுன்னே சொல்லு. நாற்காலி வீட்டுலயே கெடக்கு.

நம்ம தேரிக்காட்டுக்கு நீ போவ, தெரியும். ஆடு மேய்க்கையில கால்ல குத்துமே வெள்ளைச் சில்லு, அதெல்லாம் ஆதிமனுசன் தட்டி எடுத்த ஆயுதம்னு சாய்னரும் ஆல்ச்சினும் 1956-ல எழுதிட்டாவ. பாத்தா எடுத்துப் பையில போட்டுராத. எங்க கெடந்துது, எந்த மண்ணுல கெடந்துதுன்னு எழுதாம எடுத்துட்டா, அது கவட்டையில வச்சி அணிலை அடிக்கத்தான் ஆகும்.

அப்பறம், தோண்டுற எடத்துல சல்லடை பிடிக்க ஊருப் பொம்பளைய வருவாவ. அவியளுக்கு உன்ன மாதிரி இங்கிலீஷ் தெரியாது. ஆனா கடுகு அளவு பாசிமணிய உனக்கு முன்ன அவிய கண்ணு பாத்துரும். காலையில டீ அவியளோட குடி.

அம்புட்டுத்தான். உங்க அப்பன் வண்டிச் சத்தம் கேக்கு. அதுக்கு முன்ன ஒரு சின்ன ஒதவி தாயி, யாருட்டயும் சொல்லிராத.

மேகாட்டுக்காரன் நம்ம வரப்ப ஒரு முழம் இங்கிட்டுத் தள்ளி வெட்டிட்டானா இல்லையா? சர்வேயரு வந்தாரு, அவனுக்குத்தான் சாதகமாச் சொல்லிட்டுப் போயிட்டாரு. நீ படிச்சி முடிச்சி, கையெழுத்துப் போடுற அதிகாரம் வந்ததும், இந்த வரப்பு பெருங்கற்காலத்துலயே இங்கனதான் இருந்துதுன்னு ஒரு லெட்டர் குடு. சீலு வச்சிக் குடு. மொறைக்காத, மொறைக்காத. மண்ணு சொல்லாதத நீ சொல்ல வேண்டாம். மண்ணு சொல்லும். வரப்புக்கு அடியில மூணு அடி ஆழத்துல நேத்து ராத்திரியே ரெண்டு பானை ஓட்டப் பொதச்சி வச்சிட்டு வந்திருக்கேன். உங்க பாட்டி மீங்கொழம்பு வைக்கிற சட்டிதான். உள்ள கறுப்பு, வெளிய செவப்பு, அச்சு அசலா இருக்கு.